ஜப்பானிய மொழியில் அறவுணர்வுச் சொற்கள்

ஒருவனிடத்து அறவுணர்வு உண்டென்றும் மற்றொருவனிடத்து அஃது இல்லையென்றும் உலகத்தார் எளிதிற் கூறிவிடுகின்றனர். அங்ஙனங் கூறுமிடத்து, உள்ளதாகவோ இல்லாததாகவோ தாம் கருதும் பொருள் யாதென நின்று ஆராய்வார் மிகச் சிலரேயாவர். இவ்வாராய்ச்சிக்கு ஜப்பானியர் மொழி பெரிதுந் துணைசெய்யுமென்பது எமது கருத்து. என்னை? பலரும் ஒன்றெனக் கொண்டு மயங்கும் இருபொருள்களை அம்மொழி இருவேறு சொற்களால் வகுத்து நிறுத்துதலின் என்க.

அவற்றுள் ஒன்று ‘ரின்ரிகன்’ என்பது. மூன்றெழுத்துக்களாலாய இச்சொல்லில் ‘ரின்’ என்பது மக்கள் ஒருவரோடொருவர் கொண்டொழுகும் முறையினையும், ‘ரி’ என்பது ஒழுங்கினையும், ‘கன்’ என்பது காட்சியினையும் உணர்த்தும். ‘ரின்ரி’ பழைய சீன நூல்களில் வழங்கிய சொல்லே. மேல்நாட்டார் ஒழுக்கநூற்குப் பெயராகும் புதுவாழ்வினை அது 1881-ஆம் ஆண்டில் இனோவே டெட்சுஜிரோ முதலியோர் வெளியிட்ட மெய்ந்நூற் சொல்லகராதி போல்வனவற்றாற் பெற்றது. இன்றைய வழக்கில் ஒருவனது ரின்ரிகன் உயர்ந்தது என்பர், தாழ்ந்தது என்பர், அறவே இல்லை என்பர். அதிகாரிகளோ வணிகரோ பொதுமக்களை வஞ்சித்தமை வெளிப்படுங்கால் செய்தித்தாள்கள் இச்சொல்லையே எடுத்தாளும். ஆகவே இஃது அளக்கப்படும் பொருளாயிற்று. அளப்போர் பெரும்பாலும் பிறரேயாவர்.

மற்றொன்று ‘ரியோஷின்’. ‘நல்ல நெஞ்சு’ என்பது இதன் சொற்பொருள். நாம் ‘மனச்சான்று’ எனுங்கால் உள்ளிருந்து காணுஞ் சான்றாளன் ஒருவனை நினைக்கின்றோம். இச்சொல்லிலோ சான்றாளன் இலன், நெஞ்சின் நன்மையே உளது. கி.மு. நான்காம் நூற்றாண்டிலிருந்த சீன மெய்ந்நூலாசிரியர் மென்சியசு இச்சொல்லை ஆண்டவிடத்து ஒரு மலையை உவமையாக்கினர். மரஞ்செறிந்த அம்மலை பெருநகரொன்றன் அருகே இருந்தமையின் நாடோறுங் கோடரிக்கு இரையாயிற்று. மீண்டுந் துளிர்த்தவற்றை ஆடுமாடுகள் மேய்ந்தன. பின்வந்தோர் அதன் வெறுமையைக் கண்டு, அதன்கண் மரமே என்றும் இருந்ததில்லை என்றெண்ணினர். ஒருவனை இயல்பிலேயே நல்ல நெஞ்சிலான் எனத் துணிவாரது பிழையும் இத்தகையதென்பது அவர் கருத்து. அவ்வுவமையின் நுட்பம் எம்மை நெடும்பொழுது நிறுத்திற்று.

இச்சொல்லோடு இயையும் வினைகளும் கருதற்பாலன. ரியோஷின் நோகும், ரியோஷின் கடியும். அங்ஙனம் கடிதலைக் குறிக்குங் ‘கஷக்கு’ என்னுஞ் சொல் பௌத்தத் துறவிகளின் ஒழுக்கநூல்களில் வழங்கியது. குற்றமிழைத்த துறவியைச் சங்கத்தார் கூடி முறைப்படி கடிந்தொறுக்குஞ் செயற்கு ஆண்டு அது பெயர். மடங்களின் நடைமுறை அறிந்த அன்பர்க்கு அதன் ஆற்றல் யாம் விரிக்காமலே விளங்கும். அச்சங்கம் முழுவதும் ஒருவன் நெஞ்சினுட் புகுந்து, கடிவோரும் கடியப்படுவோனும் அவன் ஒருவனேயாய் நிற்கும் நிலையையே ‘ரியோஷினின் கஷக்கு’ என்னுந் தொடர் புலப்படுத்துகின்றது.

‘என் ரியோஷின் நோகின்றது’ என ஒருவன் சொல்லுதல் இயல்பு. ‘என் ரின்ரிகன் உயர்ந்தது’ என்பானாயின் அது தற்புகழ்ச்சியாய் முடியும். பிறனைக் குறித்து ரியோஷின் இலன் என்னும் வழக்கும் உண்டாலோவெனின், உண்டு; ஆயினும் நோவு நோவோனுக்கே புலனாவதாகலின், அதன் இன்மையைப் புறத்தே நின்றார் எங்ஙனந் துணிவர்?

அற்றேல், ஜப்பானியரை ஆள்வது பிறர் பழிக்கு நாணும் நாணமேயன்றி அகத்தெழுங் குற்றவுணர்வன்று என அமெரிக்க மானிடவியலார் ரூத் பெனிடிக்ட் அம்மையார் 1946-இல் வெளியிட்ட நூலிற் கூறினரே எனின், அவ்வம்மையார் போர்க்காலத்தில் அந்நாட்டிற்குச் செல்லாமலே ஆராய்ந்தவர்; ‘ஹாஜி’ என்னும் நாணச்சொல்லையே பெரிதும் பற்றினர். அம்மொழியில் ‘ஸன்கி’ என்று பிறிதொரு சொல்லுண்டு. பௌத்த நூலார் வடமொழியில் ‘ஹ்ரீ’ என்றும் ‘அபத்ராப்யம்’ என்றும் பிரித்தவற்றின் சேர்க்கையே அது. முன்னையது தன்னை நோக்கியும் பின்னையது பிறரை நோக்கியும் நாணுதல் என விளக்குவர். தீச்செயல் கருதி நாணுதலை மகளிர் நாணத்தின் வேறாக வைத்த திருவள்ளுவனாரை அறிந்தார்க்கு இப்பகுப்பு வியப்பன்று. இந்நாளில் அச்சொல் மன்னிப்பு வேண்டும் அரசியலாளர் வாயிற் பட்டுத் தேய்ந்தமை வேறு செய்தி.

இனி, ரின்ரியும் ரியோஷினும் தம்முள் முரணுமிடத்து அறம் யாதென்பதே கடாவற்குரியது. 1890-இல் கல்வி பற்றிப் பேரரசர் ஆணையொன்று வெளிவந்தது. 1891 சனவரியில் தோக்கியோவிலுள்ள உயர்பள்ளியொன்றில் நிகழ்ந்த விழாவில், அரசர் கையெழுத்திட்ட அவ்வேட்டின்முன் ஆசிரியர் அனைவரும் ஆழத் தலைவணங்கவேண்டியிருந்தது. கிறித்தவராகிய உச்சிமுரா கான்ஸோ, அது வழிபாடாய் முடியுமோ என ஐயுற்று ஆழ வணங்கிற்றிலர். பெரும்பழி எழுந்தது, பதவியும் போயிற்று. தம் சமயத்திற்கேற்ற மனச்சான்றின் வழியையே கொண்டதாக அவர் நண்பர் ஒருவர்க்கு எழுதினார். அவ்வாணைக்கு உரை வகுத்தவரும், 1893-இல் உச்சிமுராவையும் அவர் சமயத்தாரையும் அவ்வாணையோடு பொருந்தாதவரெனக் கண்டித்தெழுதியவரும் யாவரெனின், மேற்கூறிய இனோவேயே ஆவர்!

இனோவேயின் பக்கத்தும் ஒரு நியாயம் உண்டு. ஒவ்வொருவனும் தன் நெஞ்சையே அளவாகக் கொள்வானாயின் மக்கட்கிடையே முறை நில்லாது. ஆயினும், ஒருவன் தன் பதவிக்கு வருங்கேட்டை அறிந்தும் தலைவணங்காது நிற்பானாயின், அவன் முறையறியாதவன் எனக் கூறலாமேயன்றி அறவுணர்விலி எனக் கூறலாகாது. முறையின் அளவுகோலால் நெஞ்சின் இன்மையை அளந்தமையே ஆண்டு நேர்ந்த பிழை.

அவ்வாணை செல்லாதென அந்நாட்டுப் பேரவை 1948-இல் முடிவுசெய்தது. அதன்முன்னரே, 1946-இல் வெளியிடப்பட்ட அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு ரியோஷினின் உரிமை மீறப்படலாகாது என வகுத்திருந்தது. அதன் 76-ஆம் பிரிவோ நீதிபதிகள் தத்தம் ரியோஷினைப் பின்பற்றித் தற்சார்பாய்க் கடனாற்றுக என்கின்றது. அந்த ரியோஷின் அவ்வந் நீதிபதியின் சொந்த நெஞ்சோ, நீதிபதி என்னும் நிலைக்குரிய பொதுநெஞ்சோ என அந்நாட்டுச் சட்டநூலார் வழக்கிட்டனர். பொதுநெஞ்சே என்பார் பக்கமே வலியுடையதாயிற்று.