காணாமையும் இல்லாமையும்

இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் துறைமுகத்திலிருந்து ஸ்பெயினின் சாந்தாந்தேருக்குச் செல்லும் பயணிக் கப்பல் பிஸ்கே விரிகுடாவைக் கடக்கையில், சுமார் 200 மீட்டர் ஆழமே உள்ள கண்டத்திட்டு முடிந்து, கடலின் அடித்தளம் 4000 மீட்டருக்கும் கீழே இறங்கிவிடும் இடத்தில்தான், மேல்தளத்தில் நிற்போர் தொலைநோக்கியும் கையுமாகக் காத்திருக்கிறார்கள். டால்பின்கள் தாமே கப்பலை நாடிவந்து, ஐயத்துக்கு இடமின்றிப் பிரத்தியட்சமாகின்றன. துடுப்புத் திமிங்கிலமோ பல சமயங்களில், தொலைவில் பீறிட்டெழும் மூச்சைக் கொண்டு அனுமானத்தால் அறியப்படுவது. குவியேர் அலகுத் திமிங்கிலம் இவ்விரு வழிகளுக்கும் எளிதில் அகப்படுவதில்லை. ஒரு மணி நேரம் மூழ்கியிருப்பது அதற்கு இயல்பு, 222 நிமிடம் மூழ்கியிருந்ததாகவும் பதிவு உண்டு, மேலே வந்தாலோ சில நிமிடங்களே தங்கும். எனில், நாழிகைக் கணக்கில் நோக்கியும் ஒன்றையும் காணாத ஒருவன், இங்கே திமிங்கிலம் இல்லை என்று சொல்லத் தகுதி உடையவனா?

கடலை எண்ணாமலே இவ்வினாவை ஆராய்ந்தவர்கள் நம் தத்துவ தரிசனக்காரர்கள். குமாரிலபட்டரைப் பின்பற்றிய மீமாம்சகரும் அத்வைதிகளும், ஒரு பொருளின் இன்மையை அறிய, காணாமையாகிய அனுபலப்தி என்னும் தனிப் பிரமாணத்தை ஒப்புக்கொண்டார்கள்; ஆயினும், இருந்திருந்தால் கண்டிருப்போம் என்னும் யோக்கியதை உள்ள இடத்தில்தான் காணாமை இன்மையை நிறுவும் என்று வரம்பும் கட்டினார்கள். வெளிச்சத்தில் குடத்தைக் காணவில்லையென்றால் குடம் இல்லை. இருட்டில் காணவில்லையென்றால் ஒன்றும் சொல்வதற்கில்லை. நியாயகுசுமாஞ்சலி இயற்றிய உதயனர் இந்த வரம்பைக் கொண்டே, காணாமையைக் காட்டி ஈசுவரனை மறுப்போருக்கு விடையிறுத்தார்: காட்சிக்கு யோக்கியமல்லாததைக் காணவில்லை என்பது அதன் இன்மைக்குச் சான்றாகாது.

பிஸ்கே விரிகுடாவைக் கடக்கும் கப்பல்களில் கணக்கெடுக்கும் ஆர்க்கா என்னும் பிரிட்டிஷ் தொண்டு நிறுவனத்தின் தன்னார்வலர்கள், கண்டவற்றை மட்டுமன்றி, ஒன்றும் காணாத நேரத்தையும், அப்போதைய கடலின் கொந்தளிப்போடும் பார்வைத் தெளிவோடும் சேர்த்துக் குறித்துவைப்பது, தர்க்க சாஸ்திரம் கேட்ட அதே யோக்கியதையைப் பேணுவதற்கே.

ஆயினும் உதயனரின் இவ்வாதம் நாத்திகனைத் தடுக்குமேயன்றி ஆஸ்திகனுக்கு எதையும் ஈட்டித் தராது. காணாததனால் இல்லையென்று ஆகாதவாறே, உண்டென்றும் ஆகாது. உதயனரும் இதை உணர்ந்தே ஈசுவரனை நிறுவத் தனி அனுமானங்களை வகுத்தார். ஆகவே, வணங்குபவனாயினும் மறுப்பவனாயினும், எத்தகைய கண்ணோடு, எத்தகைய கடலில், எவ்வளவு நேரம் நோக்கினோம் என்ற கணக்கை முதலில் காட்டக் கடமைப்பட்டவன்; அதைக் காட்டாத 'உண்டு' என்பதும் 'இல்லை' என்பதும் சொல்பவனின் விருப்பமேயன்றிப் பிரமாணம் ஆகா.