முதுமையுற்ற நாயும் முதற் சீலமும்

பதினைந்து ஆண்டுகள் வீட்டைக் காத்த நாய் ஒன்று முதுமையுற்று, பின்னங்கால்கள் செயலற்று, உணவை வெறுத்து, இரவெல்லாம் முனகிக் கிடக்கின்றது. கால்நடை மருத்துவர் இல்லத்திற்கே வந்து, ஊசி போட்டு அதன் துன்பத்தை முடித்துவிடலாம் என்கின்றார். உயிர்க்கொலையினின்று விலகுவேன் எனச் சீலம் ஏற்ற பௌத்தக் குடும்பம் இதற்கு இசையலாமா?

இச்செயல் யாதென்பதை முதலில் மறைப்பின்றி அறிதல் வேண்டும். மருத்துவர் பிராணியை ஊசியால் உறங்கச் செய்து, பின்னர் மயக்க மருந்தைப் பேரளவில் இரத்தக் குழாயிற் செலுத்துவார். சில நிமிடங்களில் மூச்சும் இதயமும் நிற்கும். நோவு மிகச் சிறிதே. ஆயினும் நிகழ்வது உயிர் போக்குதலேயாம். உயிருள்ள பிராணி, அஃது உயிருள்ளதென்னும் அறிவு, கொல்லும் எண்ணம், முயற்சி, அதனால் வரும் சாவு ஆகிய ஐந்தும் கூடின் அது கொலை என்பது பாலி உரையாசிரியர் துணிபு. ஐந்தும் இங்கே உள.

கருணை இதனை மாற்றாதா எனின், வினயபிடகத்தில் ஒரு வழக்கு உண்டு. நோயுற்ற பிக்கு ஒருவரிடம் ஏனைய பிக்குகள் இரக்கத்தினாலேயே சாவைப் புகழ்ந்துரைத்தனர், அவர் இறந்தார். புகழ்ந்தோர் சங்கத்தை இழக்கும் குற்றம் செய்தனர் என்றே பகவான் புத்தர் தீர்ப்பளித்தார். விலங்கைக் கொன்ற பிக்குவின் குற்றம் அதனினும் சிறிது, ஒப்புக்கொண்டு தெளியத்தக்கது. சிறிதெனினும் குற்றமே.

மறுபக்கமும் உண்டு. 1957இல் வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ என்னும் நூலில் பாபாசாகேப் அம்பேத்கர், கொல்லும் விருப்பம் வேறு, கொல்லும் தேவை வேறு எனப் பிரித்துக் காட்டுகின்றார். அகிம்சை கண்மூடிப் பின்பற்றும் விதியன்று, சிந்தித்து ஆளவேண்டிய கொள்கை என்பது அவர் கருத்து. 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் மீளா வேதனையுற்ற கன்றை ஊசியால் இறக்கச் செய்த காந்தியாரும், அதனை அகிம்சை என்றே வாதித்தார். கண்டனம் பெரிதாய் எழுந்தது.

நாம் கொள்ளத்தக்கது யாது? சீலம் ஆண்டவன் இட்ட கட்டளையன்று. நாமே விரும்பி ஏற்ற பயிற்சி. ஆதலின் விலக்களிப்பாரும் மன்னிப்பாரும் வெளியே இல்லை. எண்ணமே வினையாதலின் எண்ணத்தையே ஆராய்தல் வேண்டும். நாம் முடிக்க விரும்புவது நாயின் துன்பத்தையா? அன்றி, இரவு விழிப்பும், கந்தை துவைத்தலும், மருந்துச் செலவுமாகிய நம் துன்பத்தையா?

அசோகரது இரண்டாம் பாறைச் சாசனம், சோழ பாண்டிய நாடுகளிலும் மனிதர்க்கும் விலங்குகட்கும் மருத்துவம் அமைத்ததைக் கூறுகின்றது. அவ்வழியே நம் முதற் கடமையும் பேணுதலேயாம். நோவு தணிக்கும் மருந்து கொடுத்தல், புண் கழுவுதல், புரட்டிப் படுக்க வைத்தல், நீர் ஊட்டுதல் ஆகியவற்றைச் செய்யாதவர் ஊசியைக் கருணை என அழைத்தல் தகாது.

எல்லாம் செய்தும் வேதனை தணியாதாயின், ஊசியை மறுப்பவர் அருகிருந்து இறுதிவரை பேணுக. சீலத்தைக் காரணங்காட்டி அகலற்க. இசைபவர் அதனைப் புண்ணியம் என்றோ, உறக்கம் என்றோ பெயரிடற்க. பழகிய பாயில், பழகிய கையின்கீழ், அச்சமின்றி அது செல்லுமாறு உடனிருக்க. உயிர் போக்கினேன் என்பதை உள்ளத்தில் ஒப்புக்கொண்டு, மறுநாட் காலை அச்சீலத்தையே மீண்டும் ஏற்க. ஒருமுறை தவறிற்றெனப் பயிற்சியைக் கைவிடுதல் பௌத்த நெறியன்று.