உதிர்ந்த மலரும் உறையும் உயிரும்



என் துணைவியார் மறைந்த மாசித் திங்களில், துக்கம் விசாரிக்க வந்த உறவினர் ஒருவர் ஆர்க்கிடுச் செடி ஒன்றைத் தொட்டியுடன் வைத்துச் சென்றார். பெங்களூரில் மகன் இல்லத்தில் வாழும் எனக்கு இது புதிய வழக்கமாகத் தோன்றியது. வளைந்த தண்டு ஒன்றில் ஒன்பது வெண்மலர்கள், சிறகு விரித்த விட்டில்களைப் போல அமர்ந்திருந்தன. விட்டிலின் சாயல் கருதியே புளூம் என்னும் தாவரவியலார் 1825இல் இவ்வினத்துக்குப் 'பலனாப்சிஸ்' எனப் பெயரிட்டார்.

இரண்டு திங்களுக்கு மேல் மலர்கள் வாடவில்லை. பின்னர் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. ஒன்பதாவது மலரும் வீழ்ந்தபின், தடித்த இலைகள் நான்கும் வெறுந்தண்டும் எஞ்சின. "செடி செத்துப் போயிற்றே தாத்தா, எறிந்துவிடட்டுமா?" என்று பேரன் கேட்டான். "எறிந்துவிடு" என்றேன். தோற்றம், கேடு, நிலைபேறு என்னும் மூன்றையும் முப்பது ஆண்டுகளாக மேடைதோறும் விரித்துரைத்த வாய்தான் அதைச் சொல்லிற்று! என் மருமகள் மட்டும் இலையைத் தொட்டுப் பார்த்து, "மாமா, இதில் உயிர் இருக்கிறது" என்றாள்.

ஓரறிவுயிரைக் குப்பையில் இடச் சொன்ன என் பிழை எங்கிருந்து பிறந்தது? பரியாயத்தைப் பொருளென்று மயங்கியதிலிருந்து பிறந்தது. மலர்ந்த நிலை ஒரு பரியாயம். மலரற்ற நிலை மற்றொரு பரியாயம். இரண்டிலும் நிலைத்து நிற்கும் உயிரைக் கண் காணவில்லை. (இலைக்கும் மலருக்கும் தனித்தனி உயிர் உண்டோ என்னும் நுணுக்கத்தை ஆகமம் வல்லாரிடம் விட்டுவிடுவோம்.)

அன்று முதல் அச்செடியைப் பேணும் பொறுப்பை நானே ஏற்றேன். அதிலும் முதலில் தவறினேன். மல்லிகைக்கு ஊற்றுவதுபோல் நாள்தோறும் நீர் ஊற்றினேன். வேர்கள் சில அழுகின. காட்டில் இச்செடி மண்ணில் வளர்வதில்லை; மரக்கிளையைப் பற்றி வாழ்வது. ஆயினும் புல்லுருவியைப்போல் மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. மழைநீரையும் கிளையிடுக்கில் மக்கிய சருகின் சத்தையுமே கொண்டு வாழ்கிறது. பிறவுயிரைச் சார்ந்திருந்தும் அதற்கு ஊறு செய்யாத இவ்வாழ்க்கை, இல்லறத்தார் எண்ணிப் பார்க்கத் தக்கது. ஆகவே அதற்கு வேண்டுவது மரப்பட்டைத் துண்டும் கரியும் காற்றும்தான். வேர் வெள்ளி நிறமாக வெளுத்தால் நீர் வேண்டும். நீர் பட்டதும் பச்சையாகிவிடும். எங்கள் வீட்டில் ஏழெட்டு நாட்களுக்கு ஒருமுறை, துணியில் வடிகட்டிய நீரை ஊற்றி முற்றும் வடியவிடுகிறோம். இலைகளின் நடுக்குருத்தில் நீர் தேங்கினால் செடி அழுகும்.

தண்டை வெட்டிவிடும்படி பலர் கூறினர். அது பச்சையாக இருந்தவரை நான் வெட்டவில்லை. உலர்ந்து பழுப்பாகி, உயிரற்ற அசித்தம் ஆனபின்னரே நறுக்கினேன்.

ஆடியில் மாவுப்பூச்சி பற்றியது. மருந்து தெளிக்க மனம் ஒப்பவில்லை. மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாக எடுத்து வேலிச் செடியில் விட்டோம். அவற்றுள் சில இறந்திருக்கும். இது குற்றமே அன்று என்று உங்கள் முன் சாதிக்க மாட்டேன். கருதிக் கொல்லாமை இல்லறத்தானுக்கு விதித்த எல்லை. அவ்வெல்லைக்குள்ளும் நேர்ந்த பிழைக்கு அன்று மாலைப் பிரதிக்கிரமணத்தில் வருந்தினேன்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். தத்துவார்த்த சூத்திரம் ஆர்த்தத் தியானத்தை நால்வகையாகப் பகுக்கிறது. விரும்பிய பொருள் பிரிந்ததையே எண்ணி எண்ணி உருகுவது அவற்றுள் ஒன்று. வருங்கால இன்பத்தை வேண்டி ஏங்கும் 'நிதானம்' மற்றொன்று. நாம் பேச்சுவழக்கில் பொறுமை என்னும் பொருளில் வழங்கும் நிதானம் அன்று இது. உதிர்ந்த மலருக்காக ஏங்கியபோது முதலாவதில் வீழ்ந்தேன். 'மறுபடி எப்போது பூக்கும்?' என்று காலைதோறும் தண்டைத் தேடியபோது இரண்டாவதில் வீழ்ந்தேன். இரண்டிலும் செடியைப் பற்றிய நினைவே இல்லை. என்னைப் பற்றிய நினைவுதான்! அகிம்சை அணுவிரதத்தின் அதிசாரங்களுள் உணவும் நீரும் மறுத்தல் ஒன்று. கால்நடைகளை வைத்தே அதனைப் பெரிதும் விளக்குவர். தொட்டியில் நாம் சிறையிட்ட செடியோ, நீர் தேடி ஓரடியும் நகர இயலாதது. பூவாத எட்டுத் திங்களும் அதற்கு நாம் கடன்பட்டவர்களே.

துணைவியார் நோயுற்ற இறுதி ஆண்டில் அவருடைய சிரிப்பும் பேச்சும் அடங்கியிருந்தன. அக்காலத்தில் அவர் அருகில் இருந்ததைவிட, பழைய நாட்களை எண்ணி வேறு அறையில் அழுதிருந்ததே மிகுதி. இதனை இதற்குமுன் எவரிடமும் நான் கூறியதில்லை.

கார்த்திகையில் இரவுகள் குளிர்ந்தன. அக்குளிரே இச்செடிக்குப் பூக்கும் பருவத்தை உணர்த்துவது. மார்கழியில் இலையிடுக்கில் பசுந்தளிர் ஒன்று தோன்றிற்று. வேரோ தண்டோ என ஐயுற்றோம், தண்டுதான். பங்குனியில் ஆறு மலர்கள் விரிந்தன.

"போன வருடத்துப் பூவே திரும்பி வந்துவிட்டதா தாத்தா?" என்று பேரன் கேட்டான்.

ஆம் என்று சொல்லியிருந்தால் அவனும் மகிழ்ந்திருப்பான். எனக்கும் ஆறுதலாக இருந்திருக்கும். "இல்லையப்பா, அவை போய்விட்டன. இவை வேறு" என்றேன். அவன் சற்று நேரம் ஆறு மலர்களையும் எண்ணிக்கொண்டிருந்தான். பின்னர்த் தொட்டியைத் தூக்கி வேரைப் பார்த்து, "வெளுத்திருக்கிறது தாத்தா" என்று சொல்லி, நீர் வடிகட்டும் துணியை எடுத்து வரச் சென்றான்.