ஒலியைக் கொண்டு வா என்றான் அரசன்

சம்யுத்த நிகாயத்தில் புத்தர் சொல்லும் உவமை ஒன்று. வீணையொலியை முன்பின் கேட்டறியாத அரசன் ஒருவன் அதைக் கேட்டு மயங்கி, அந்த ஒலியைக் கொண்டுவரச் சொல்கிறான். வீணையைக் கொண்டுவருகிறார்கள். வீணை வேண்டாம், ஒலிதான் வேண்டும் என்கிறான். குடம், தோல், தண்டு, தந்தி, மீட்டுகோல், மீட்டுபவனின் முயற்சி எல்லாம் சேர்ந்தால்தான் ஒலி என்று எடுத்துச் சொல்லியும் கேளாமல், வீணையைப் பிளந்து, சிம்பு சிம்பாக்கி, எரித்து, சாம்பலைக் காற்றில் தூற்றுகிறான். ஒலி அகப்படவில்லை. வீணை வெறும் ஏமாற்று என்று முடிவு கட்டுகிறான். உடலிலும் உணர்விலும் 'நான்' என்பதைத் தேடுகிறவனுக்கும் அப்படி ஒன்று அகப்படாது என்பதற்காகச் சொன்ன உவமை இது. பொழுதுபோக்காக மின்கிட்டார் செய்கிறவர்கள் இதே உண்மையை எதிர்த்திசையிலிருந்து வந்தடைகிறார்கள் என்று நினைக்கிறேன். அரசன் உடைத்துத் தேடினான். இவர்கள் கட்டிப் பார்க்கிறார்கள். எந்தப் பாகத்துக்குள்ளும் ஒலி இல்லை என்பது இரு தரப்புக்கும் தெரிந்துவிடுகிறது. ஆனால் கட்டுகிறவர்கள் அதை ஏமாற்று என்று சொல்வதில்லை.

பிக்அப் எனப்படும் சிறு பாகத்தைப் பாருங்கள். காந்தத் துண்டுகளைச் சுற்றி எனாமல் பூசிய செப்புக் கம்பி. மோட்டார் கடைகளில் காயில் கட்டுவது என்பார்களே, ஏறக்குறைய அதே வேலை. கம்பிதான் மிக மெல்லியது. ஏறத்தாழ 0.063 மில்லிமீட்டர், ஒரு தலைமயிரின் பருமன். ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற மின்கிட்டார் வகையின் காயிலுக்கு இதை 8,000 சுற்றுக்கு அருகில் சுற்ற வேண்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கம்பி ஓடுகிறது. கொஞ்சம் இறுக்கினால் அறுந்துபோகும், தளர்த்தினால் காயில் உப்பிக்கொள்ளும். சுற்று கூடக் கூட ஒலி வலுக்கும், அதன் பளிச்சென்ற மேல்முனை மங்கும். கம்பியை நெருக்கமாக அடுக்காமல் இங்குமங்குமாகப் பரவவிட்டால் காயிலின் மின்தேக்குத்திறன் குறைந்து மேல்முனை கொஞ்சம் திரும்பி வரும். உருக்கிய மெழுகில் முக்கி எடுக்காவிட்டால், ஒலியைக் கூட்டும்போது தளர்ந்த சுற்றுகளே அதிர்ந்து கீச்சிடும். இவ்வளவு செய்து முடித்தாலும் அந்தக் காயிலுக்கென்று ஒலி கிடையாது. 1831-இல் ஃபாரடே கண்டபடி, எஃகுத் தந்தி அசைந்து காந்தப்புலம் மாறினால்தான் அதில் மின்னழுத்தம் பிறக்கும். தந்தி அசையாதபோது ஒற்றைக் காயில் தருவது வீட்டு மின்சாரத்தின் இரைச்சலை மட்டுமே.

அப்படியானால் ஒலி மரத்தில் இருக்கிறதா? பலர் அப்படித்தான் உறுதியாக நம்புகிறார்கள். 1940-ஐ ஒட்டி கிட்டார் கலைஞர் லெஸ் பால், நாலுக்கு நாலு அங்குலப் பைன் கட்டை ஒன்றில் கழுத்தும் தந்தியும் பிக்அப்பும் பூட்டி வாசித்தார். அது கிட்டாராகத் தோன்றவில்லை என்பதால் ஒரு கிட்டாரின் உடலை அறுத்து இருபுறமும் சிறகுபோல் பொருத்தினார். அண்மையில் நாஷ்வில் இசைக்கலைஞர் ஜிம் லில், உடலே இல்லாமல் இரு மேசைகளுக்கு நடுவே தந்திகளைக் கட்டி வாசித்துப் பதிவு செய்தார்; முழுக் கிட்டாரின் ஒலியிலிருந்து அதைப் பிரித்தறிவது கடினம். மரத்தின் பங்கு நம்பியதைவிடச் சிறியது என்றே சொல்ல வேண்டும். அதற்காக எல்லாப் பெருமையையும் காயிலுக்குக் கொடுத்துவிடவும் முடியாது. தந்திகள் ஊன்றும் பாலத்தை விட்டு பிக்அப் ஓர் அங்குலம் தள்ளிப்போனாலும், பெருக்கிக்குப் போகும் கேபிள் நீண்டாலும் ஒலி மாறிவிடும்.

இங்கே சைவ சித்தாந்தி எழுந்து, மீட்டுகிறவனை மறந்துவிட்டீர்களே என்பார். மெய்கண்டாரின் சிவஞானபோதம் மூன்றாம் சூத்திரத்தில் உடலை இயந்திரம் என்றே சொல்லி, அதனுள்ளிருந்து அறியும் ஆன்மா வேறு என்று நிறுவுகிறது. பாகம் எதிலும் ஒலி இல்லை என்றால் கிட்டாருக்கு வேறான வாசிப்பவன்தான் அதன் உயிர் என்று வாதிக்கலாம். வலுவான மறுப்புதான். ஆயினும் கருவிகளோடு கூடாத கேவல நிலையில் ஆன்மா எதையும் அறிவதில்லை என்று சொல்வதும் அதே சித்தாந்தம். கருவியில்லாக் கையிலும் ஒலி இல்லை. ஆன்மா உண்டா இல்லையா என்ற பெருவழக்கை ஒரு கிட்டார் தீர்த்துவைக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஒலியைப் பொறுத்தவரை, தனி உரிமையாளர் யாருமில்லை என்பதே என் வாதம்.

உரிமையாளர் இல்லை என்றால் எதற்கு இவ்வளவு பாடு, எதை வைத்தாலும் ஒன்றுதானே என்று கேட்கலாம். அரசன் தவறியதும் இந்த இடத்தில்தான். ஒலி மரத்துக்குள்ளேயே குடியிருந்தால், சுற்று எத்தனை, மெழுகு ஏறியதா என்பதெல்லாம் பொருட்டாகவே இருந்திருக்காது. எங்கும் குடியிராமல் எல்லாம் கூடும்போது பிறப்பதால்தான் ஒவ்வொரு சுற்றுக்கும் மதிப்பு வருகிறது. இதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 1963-இல், பின்னாளில் ராக் கிட்டார் கலைஞரான பதினாறு வயது பிரையன் மே தன் தந்தை ஹரால்டுடன் இங்கிலாந்தில் ஒரு கிட்டார் செய்யத் தொடங்கினார். பழைய கணப்படுப்பின் மேல்பலகையாக இருந்த மஹோகனி கழுத்தானது. பூச்சி அரித்த துளைகளை அடைத்தார்கள். அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள் கழுத்தின் புள்ளிகளாயின. பழைய மோட்டார்சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள் தந்திகளின் இழுவிசையைத் தாங்கின. பிக்அப்புகளையும் மே தாமே சுற்றினார். தந்தியை வளைத்து வாசிக்கும்போது அவை சரிப்படவில்லை. பிறகு பர்ன்ஸ் நிறுவனத்தின் மூன்று பிக்அப்புகளை வாங்கி, அதிர்வு அடங்க அரால்டைட் பசை ஊற்றிப் பொருத்தினார். அந்தக் கிட்டாரை 2002 ஜூனில் பக்கிங்ஹாம் அரண்மனையின் கூரைமேல் நின்று வாசித்தார்.