தரையேறிய படகில் குடித்தனம்

பாய்மரப் படகில் உலகம் சுற்றுபவர்கள் எடுக்கும் படங்களில் நீலக் கடல் வரும், டால்பின் வரும், சகுவாரமாஸ் வராது. டிரினிடாட் தீவின் வடமேற்கு மூலையில், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கக் கடற்படை தளம் போட்டிருந்த கரை அது. இன்று அங்கே படகுப் பட்டறைகள். கரிபியன் கடலில் ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம். புயல்கள் வழக்கமாகப் போகும் தடத்துக்குத் தெற்கே டிரினிடாட் இருப்பதால், படகுக்காரர்கள் அந்த மாதங்களில் இங்கே வந்து ஒதுங்குகிறார்கள். 2004இல் ஐவன் புயல் பக்கத்துக் கிரெனடாவை அடித்துப்போட்ட பிறகு, எதற்கு இந்த முன்ஜாக்கிரதை என்று யாரும் கேட்பதில்லை.

சக்கரம் வைத்த பாரந்தூக்கி இரண்டு அகலப் பட்டைகளைப் படகின் வயிற்றுக்கடியில் கொடுத்து அப்படியே தூக்குகிறது. பாசியையும் கொட்டலசையும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிறார்கள். பிறகு கட்டைகள் மேல் இறக்கி, இருபுறமும் இரும்பு முட்டுக் கொடுத்து, எதிரெதிர் முட்டுகளைச் சங்கிலியால் பிணைக்கிறார்கள். வசதி உள்ளவர்கள் விமானம் ஏறி ஊருக்குப் போய்விடுவார்கள். புத்திசாலித்தனம். வேறு வீடு இல்லாதவர்களும், வேலையைத் தாங்களே செய்தால்தான் கட்டுப்படியாகும் என்பவர்களும் ஏணி வைத்து உள்ளே ஏறி அங்கேயே குடியிருக்கிறார்கள்.

முதல் நாளிலேயே வெக்கை தாக்கும். படகு தண்ணீரில் கிடந்தவரை அடிப்பகுதியின் சூட்டைக் கடல் உறிஞ்சிக்கொண்டிருந்தது. அதைவிட முக்கியம் காற்று. நங்கூரமிட்ட படகு தானாகவே காற்றை நோக்கித் திரும்பும். முன்தளத்து மூடியைத் திறந்துவைத்தால் போதும், காற்று உள்ளே இறங்கிப் பின்பக்கம் வெளியேறும். பட்டறையிலோ இடம் இருந்த திசையைப் பார்த்து நிறுத்திவிடுகிறார்கள். காற்று குறுக்கே போகிறது. பக்கத்துப் படகு அதையும் மறிக்கிறது. மத்தியானத்தில் உள்ளே இருப்பது இட்லிக் குண்டானுக்குள் இருப்பது போலத்தான்.

அடுத்தடுத்து மற்றவையும் கைவிடுகின்றன. குளிர்சாதனப் பெட்டி கடல்நீரால் குளிரும் வகையாக இருந்தால் ஓடாது. கழிவறையில் ஊற்றக் கடல்நீர் இல்லை. கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம், வாங்கியபோது அவ்வளவு பெருமையாக இருந்தது, இப்போது வெறும் இரும்பு. பாத்திரம் கழுவும் தொட்டியின் குழாய் படகின் பக்கவாட்டில் திறக்கிறது. அலட்சியமாகத் தண்ணீரைத் திறந்தால் கீழே வண்ணம் பூசிக்கொண்டிருப்பவர் தலையில் விழும். ஆகவே எச்சில் பாத்திரங்கள் வாளியில் ஏறி, ஏணி வழியாக இறங்கி, பட்டறைக் குழாயடிக்குப் போகின்றன. நள்ளிரவில் ஒன்றுக்கு வந்தால் பத்தடி ஏணி, இருட்டு, வாயில் கவ்விய டார்ச். பலர் உள்ளேயே ஒரு வாளி வைத்திருப்பார்கள். அதைப் பற்றிப் பேசுவதில்லை.

யாரையும் எதற்கும் நம்பி இருக்கத் தேவையில்லை என்பதற்காகவே கடலுக்கு வந்தவர்கள் இவர்களில் அநேகர். மின்சாரம் சூரியனிடமிருந்து, தண்ணீர் சொந்த இயந்திரத்திலிருந்து, பக்கத்து வீட்டுக்காரர் பிடிக்கவில்லை என்றால் நங்கூரத்தைத் தூக்கிவிடலாம். அந்தத் தற்சார்பில் பாதி கடல் செய்த ஊழியம் என்பது தரையில்தான் தெரிகிறது. கடல் கூலி கேட்டதில்லை, நன்றியையும் எதிர்பார்த்ததில்லை. அதனால் அது கணக்கில் வரவில்லை. பட்டறையில் அந்த இடத்துக்கு மனிதர்கள் வருகிறார்கள். இரவல் மின்விசிறி, கடைக்குப் போகும் யாரோ ஒருவரின் காரில் ஒரு இருக்கை, கனமான மூடியைப் பிடிக்க இன்னொரு ஜோடிக் கை. இவர்கள் எல்லாரும் பதிலுக்கு ஏதாவது கேட்பார்கள், கேட்காவிட்டாலும் எதிர்பார்ப்பார்கள். சிலருக்கு வெக்கையைவிட இதுதான் தாங்க முடியாதது.

வேலை தெரிந்தவரின் தயவில்லாமல் அங்கே எதுவும் நகராது. எபாக்சிப் பசையையே எடுத்துக்கொள்ளலாம். வெப்பம் பத்து டிகிரி கூடினால் அது இறுகும் நேரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். குளிர்நாட்டில் பழகிய கை, ஆழமான கிண்ணத்தில் தாராளமாகக் கலக்கும்; கலவை தன் சூட்டிலேயே வெந்து புகையத் தொடங்கும். காலையிலேயே கலக்கு, கொஞ்சமாகக் கலக்கு, தட்டையான தட்டில் பரப்பு என்று உள்ளூர்த் தொழிலாளி சொன்னால் கேட்டுக்கொள்வது நல்லது. ஃபைபர் உடம்பில் நீர் ஊறிக் கொப்புளம் கண்டிருந்தால் இன்னும் பாடு. சுரண்டிவிட்டுக் காயப்போட வேண்டும். ஆனால் புயலுக்கு ஒதுங்கும் மாதங்களும் டிரினிடாடின் மழைக்காலமும் ஏறத்தாழ ஒன்றே. நாளெல்லாம் காய்ந்ததை ஒரு சாயங்கால மழை நனைத்துவிட்டுப் போகும்.

வேலை தொடங்குமுன் டபுள்ஸ். இரண்டு மெல்லிய பாரா ரொட்டிகளுக்கு நடுவே கொண்டைக்கடலைக் கறி. 1845 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த இந்தியர்களின் வழிவந்தவர்கள் உருவாக்கி, தீவு முழுவதற்கும் சொந்தமாகிவிட்ட காலை உணவு. படகுக்கு வாடகை கட்டுபவரும் அதே படகைத் தேய்க்க வந்தவரும் அடுத்தடுத்து நின்று, அதே காகிதத்திலிருந்து கை ஒழுகச் சாப்பிடுகிறார்கள்.

தனியாக உலகைச் சுற்றிவந்த முதல் மனிதர் ஜோஷுவா ஸ்லோகம். 1895 முதல் 1898 வரை நடந்த அந்தப் பயணம் தனிமையின் சாகசமாகவே பேசப்படுகிறது. அவருடைய ‘ஸ்ப்ரே’ படகு, மாசசூசெட்ஸின் ஃபேர்ஹேவனில் ஒரு புல்வெளியில் முட்டுக்கொடுத்துக் கிடந்த பழைய படகு. ஓய்வுபெற்ற திமிங்கல வேட்டைக் கப்பல் தலைவர் ஒருவர் சும்மா கொடுத்தது. ஸ்லோகம் 13 மாதம் அதைப் புதுப்பித்தார், பொருட்களுக்கு 553 டாலர் 62 சென்ட் செலவழித்தார். அந்த மாதங்களில் ஊரின் பழைய மாலுமிகள் வந்து பார்த்து, கதை பேசி, அபிப்பிராயம் சொல்லிவிட்டுப் போனார்கள். தனிமைப் பயணத்துக்கு முன்னால் ஒரு வருஷத்துக்கு மேல் தரை வாழ்க்கை, கூட்டத்தோடு.

இதைச் சொல்லித் தேற்றிக்கொள்பவர்கள் எல்லாப் பட்டறையிலும் உண்டு. அவர்களில் சிலர் கிளம்பப்போவதில்லை. ஒரு திருகைக் கழற்றினால் அடியில் மக்கிய மரம். அதைப் பெயர்த்தால் அதற்கடியில் இன்னொன்று. அடுத்த மாதம் என்பது அடுத்த சீசன் ஆகிறது. காத்திருப்பதும் வாழ்க்கைதானே என்று அவர்களிடம் சொல்லலாம், அதில் உண்மையும் உண்டு. ஆனால் பட்டறை வாடகையைப் படகின் நீளத்துக்கு அடிக்கணக்கில் போடுகிறார்கள், காத்திருக்கும் மாதத்துக்கும் சேர்த்து. பாக்கி ஏறிக்கொண்டே போனால் கடைசியில் படகையே விற்றுக் கட்ட வேண்டியதுதான்.