அறிந்தவரின் கடன்

அறிவு நன்மை, அறியாமை தீமை என்பது நாம் அதிகம் ஆராயாமலே ஏற்றுக்கொண்ட கொள்கையாகும். ஆயின், தீங்கு விளைக்குமா இல்லையா என எவராலும் துணிந்து கூறமுடியாத ஒன்றை அறிந்தவர், அதன் அருகே வாழ்பவருக்கு அதனைச் சொல்லக் கடமைப்பட்டவரா?

மேற்கு ஆபிரிக்காவில் 2014 முதல் 2016 வரை பரவிய எபோலா நோய் 11,000க்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. அவ்வடு ஆறுமுன்னரே, சியராலியோனின் பொம்பாலி மாவட்டத்தில், மனிதர் வாழும் வீடுகளிலேயே தங்கும் சிறு வெளவால்களிடமிருந்து ஆய்வாளர் மாதிரிகளைச் சேகரித்தனர். அம்மாதிரிகளின் பரம்பரையலகுத் தொடர்களை அலசியபோது, அதுவரை அறியப்படாத ஆறாவது எபோலா வைரசு ஒன்று வெளிப்பட்டது. அதன் மேற்புறப் புரதம் மனிதக் கலங்களுள் நுழைய வழிசெய்யவல்லது என ஆய்வுகூடச் சோதனை காட்டியது. எனினும், அதனால் நோயுற்ற மனிதர் எவரும் அறியப்படவில்லை.

இந்நிலையில் மௌனமே நன்றென்று வாதிடலாம். செய்தி அறிந்த மக்கள் அஞ்சி வெளவால்களைக் கொல்ல முற்படுவர். கொல்லும் கைகளுக்கே தொற்று நேரக்கூடும். பூச்சிகளை உண்டு பயன்தரும் உயிரினமும் அழியும். இவ்வாதத்தில் கருணை உண்டு; ஆனால் மதிப்பு இல்லை. மாதிரி எடுக்க வந்தவருக்குக் கதவைத் திறந்துவிட்டவரிடம், முடிவைச் சொல்லும் வேளையில் கதவை அடைப்பது அறமாகாது.

2018 இல் அக்கண்டுபிடிப்பு பகிரங்கப்படுத்தப்பட்டது. வெளவால்களைக் கொல்லற்க, தொடற்க, அவை வீட்டினுள் புகும் துவாரங்களை அடைத்திடுக என மக்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. இது போற்றத்தக்கதே. ஆயினும், சொல்லிவிட்டதோடு கடன் தீர்ந்துவிடுமா? கூரையைச் செப்பனிடப் பொருளற்றவனுக்கு அவ்வறிவுரை கவலையை மட்டுமே விட்டுச்செல்கிறது. கண்டறிந்தவரின் பெயர் ஆய்வேடுகளில் நிலைக்கும். அச்சமோ அக்கூரையின் கீழேயே குடியிருக்கும்.

இவ்வாய்வுக்கு இடமளித்த 'பிரெடிக்ட்' எனும் அமெரிக்கத் திட்டம், 2009 முதல் 2020 வரை பல நாடுகளில் 900க்கு மேற்பட்ட புதிய வைரசுகளைக் கண்டறிந்தது. இத்தேடல் வேண்டாமென்பது என் கருத்தன்று. ஒவ்வொரு கண்டுபிடிப்பும் ஒரு பட்டியலின் வரியாக மட்டுமன்றி, ஒரு வீட்டுக்குப் பட்ட கடனாகவும் எழுதப்படல் வேண்டும் என்பதே என் துணிபு. ஆபத்தைக் காட்டும் விரலுக்கு, அதனைத் தடுக்க உதவும் கையும் உடன்வருதல் வேண்டும். அன்றேல், அறிந்தவரின் அறிவு அறியாதவரின் சுமையாகவே முடியும்.