கண்ணீரும் விசாரணையும்

கலையைக் கண்டும் கேட்டும் நாம் சிந்தும் கண்ணீர் நம்மைப் பண்படுத்துமா? கற்பனைத் துன்பத்துக்கு இரங்கும் நெஞ்சம், கண்முன்னே துன்புறும் மனிதனுக்கும் இரங்கும் என்பது பலரது நம்பிக்கை. அந்நம்பிக்கையை ஒரு பாட்டின் வரலாற்றைக் கொண்டு உரைத்துப் பார்ப்போம்.

அமெரிக்காவின் மில்வோக்கி நகரில் வாழ்ந்த சார்ள்ஸ் கே. ஹரிஸ் என்பார் 1892 இல் ‘ஆஃப்ரர் த போல்’, அதாவது ‘நடன விருந்து முடிந்த பின்’ என்ற பாட்டை வெளியிட்டார். ‘வோல்ட்ஸ்’ எனப்படும் மூன்றடித் தாள நடன மெட்டில் அமைந்தது அது. ஹரிஸுக்கு இசைக்குறிப்பு எழுதத் தெரியாது. அவர் பாட, மற்றொருவர் எழுதினார். முன்னர் ஒரு பாட்டுக்குப் பதிப்பகத்தார் அவருக்களித்த உரிமைப்பணம் 85 சதம். ஆதலின் இதனைத் தாமே வெளியிட்டு, பெயர்பெற்ற பாடகர் ஒருவருக்குப் பணமுங்கொடுத்து மேடையிற் பாடுவித்தார். 1893 இல் சிக்காகோவில் நடந்த உலகப் பொருட்காட்சியில் ஜோன் பிலிப் சூசாவின் வாத்தியக் குழு அதனை இசைத்தது. இசைத்தட்டு வீடுதோறும் பரவாத அக்காலத்தில், பியானோ உள்ள வீட்டார் அச்சிட்ட இசைத்தாளை வாங்கித் தாமே வாசித்துப் பாடினர். 50 இலட்சத்துக்கு மேற்பட்ட தாள்கள் விற்பனையாயின என்பர்.

பாட்டின் கதை எளியது. ஒரு சிறுமி, முதியவர் ஒருவரின் மடியில் ஏறியமர்ந்து, அவர் மணஞ்செய்யாது தனித்து வாழும் காரணத்தைக் கேட்கிறாள். அவர் சொல்கிறார்: நடன விருந்தொன்றிலே காதலி தண்ணீர் கேட்டாள், கொண்டு வந்தபோது வேறொருவன் அவளை முத்தமிடக் கண்டார், கையிலிருந்த கண்ணாடிக் குவளை விழுந்து நொறுங்கிற்று. அவள் விளக்கஞ் சொல்ல முயன்றாள்; அவர் செவிசாய்க்கவில்லை. ஆண்டுகள் கழிந்தன, அவளும் இறந்தாள். பின்னர் அந்த மனிதனிடமிருந்து கடிதம் வந்தது. அவன் அவளுடைய சகோதரன்!

இக்கதையில் இரக்கத்துக்குரியவர் யார்? விசாரணையின்றித் தண்டிக்கப்பட்ட பெண் அல்லளோ? ஆனால், பாட்டு நம் கண்ணீரைத் தண்டித்தவர்பால் திருப்புகிறது. அவள் பெயரும் நாம் அறியோம். அவள் எவ்வாறு வாழ்ந்தாள் என்பதும் அறியோம். அவள் சொல்ல முயன்ற சொற்களில் ஒன்றேனும் நம் செவிக்கு எட்டவில்லை. அவர் செய்த தவறு, அவருக்கு நேர்ந்த விதியாக உருமாறிவிடுகிறது. சரணங்களில் தவறு உண்டு. பல்லவியிலோ விருந்து முடிந்தபின் நோகும் நெஞ்சங்களைப் பற்றிய பொதுவான துயரம் மட்டுமே உண்டு. மக்கள் நாவில் நிலைத்ததும் அப்பல்லவியே.

இதனைச் சந்தைச் சரக்கென்று தள்ளிவிடலாம் என்பர் சில முற்போக்காளர். அவர்களோடு நாம் உடன்படுவதற்கில்லை. பாணும் விலைக்கு விற்கப்படுவதே. அதனால் பசி பொய்யாகிவிடாது. அப்பாட்டைப் பாடி அழுதோர் தத்தம் இழப்புக்களை நினைந்தே அழுதனர். அவர்தம் துயரம் மெய்யானது. அதனை இகழ்பவன் மக்களை நேசிப்பவன் ஆகான். குறை கண்ணீரில் இல்லை. கேள்வி பிறக்கவேண்டிய இடத்திலே கண்ணீர் நின்றுவிடுவதுதான் குறை.

அந்நாட்டு அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890 இல் வெளியிட்ட உளவியல் நூலில் ஓர் உருசியச் சீமாட்டியைக் காட்டுகிறார். நாடகப் பாத்திரங்களுக்காக அவள் அரங்கினுள் அழுதுகொண்டிருக்க, வெளியே அவளுடைய வண்டிக்காரன் குளிரில் விறைத்து மடிகிறான். இசை கேட்டு எழும் உணர்ச்சியையும் ஏதேனுமொரு செயலாக்கிவிட வேண்டும் என்பது ஜேம்ஸ் தரும் மருந்து. நன்று; ஆயினும் அது போதாது. வண்டிக்காரனுக்குப் போர்வை கொடுப்பது செயல். அவன் ஏன் குளிரில் காத்திருக்க நேர்ந்தது என்று கேட்பது அதனினும் முதன்மையானது.

சூசாவின் குழு இசைத்த 1893 ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவைப் பெரும் பொருளாதார நெருக்கடி தாக்கிற்று. வங்கிகள் வீழ்ந்தன, வேலையற்றோர் தெருக்களை நிறைத்தனர். சிக்காகோவிலிருந்த புல்மன் இரயிற்பெட்டித் தொழிற்சாலையிலே கூலி ஏறத்தாழ 25 வீதம் குறைக்கப்பட்டது. ஆனால், தொழிலாளர் குடியிருந்த கம்பனி வீடுகளின் வாடகை குறைக்கப்படவில்லை. 1894 மே மாதத்தில் அவர்கள் வேலைநிறுத்தஞ் செய்தனர். பிணக்கை நடுவர்முன் வைக்கக் கோரினர். நடுவர் தீர்ப்புக்கு விடத்தக்கது எதுவுமில்லை என்றது கம்பனி. யூலை மாதத்தில் கூட்டரசின் இராணுவம் வந்தது.

பாட்டுக்கு அழுதவர்தாம் தொழிலாளரைக் கைவிட்டனர் என்று நாம் குற்றஞ்சாட்டவில்லை. அதற்குச் சான்றும் இல்லை. நாம் சொல்வது இதுவே: பிறர் சொல்லைக் கேட்க மறுத்தமையால் வந்த கேட்டைப் பற்றியது அப்பாட்டு. ஆயினும், கேட்கவேண்டும் என்ற பாடத்தை அது எவருக்கும் வற்புறுத்தவில்லை. கேளாதவனுக்காக அழவே அது பழக்கிற்று. அழுதபின் மனம் இலேசாகிறது. இலேசான மனத்துக்கு விசாரிக்கும் தேவை தோன்றுவதில்லை.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் பழமொழி. வகுப்பறையிலே ஒரு சோகக் கதையைப் படித்து மாணவர் கண்கலங்கும்போது, ஆசிரியர் அக்கண்ணீரை இகழவும் வேண்டாம். அதனோடு பாடத்தை முடிக்கவும் வேண்டாம். இத்துன்பம் யாரால் நேர்ந்தது, இக்கதையில் யாருடைய பேச்சு நம் செவிக்கு எட்டவில்லை என்ற இரு வினாக்களையும் அவர்கள்முன் வைக்கட்டும். அவ்வினாக்களைக் கேட்டுப் பழகிய மாணவன், நாளை தன் வீட்டிலும் வேலைத்தலத்திலும் ஒருவரைத் தண்டிக்கும் முன் அவர் சொல்வதைக் கேட்பான்.